டிரெண்டில் ஒரு நேர்கோடு

ஆலை அளவுகளைச் சேமிக்கும் ஹிஸ்டாரியனின் டிரெண்ட் வரைபடத்தில் ஒரு டேக், அதாவது ஒரு கருவியின் அளவு, ஆறு மணி நேரமாக அசையாமல் நேர்கோடாகக் கிடந்தால், "பரவாயில்லையே, பிளான்ட் நிதானமா ஓடியிருக்கு" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. "லைன் செத்துப் போச்சு" என்று உடனே எனக்குப் போன் போடுபவர்களும் உண்டு. இரண்டு பேரையும் நான் நம்புவதில்லை. அந்த எண் எந்த வழியாக வந்தது, வழியில் யார் அதை என்ன செய்தார்கள் என்று பார்க்காமல் அந்தக் கோட்டுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

என் பிழைப்பே அந்த வழிதான். ஆலையில் உள்ள கருவிகள் காட்டும் அளவுகளை எடுத்து, வருடக்கணக்கில் சேமித்து வைக்கும் ஹிஸ்டாரியனில் கொண்டுபோய்ச் சேர்க்கும் கனெக்டர்களை நிறுவிக் கொடுக்கிறேன். சிங்கப்பூரின் ஜூரோங் தீவில் சில ஆலைகள், துவாஸ் பக்கம் சில, நகரத்துக்குள் பெரிய கட்டடங்களுக்குக் குளிர்ந்த நீர் அனுப்பும் சில்லர் பிளான்ட்டுகள். கருவி யாரோ மாட்டியது, ஹிஸ்டாரியன் யாரோ வாங்கியது, நடுவில் இருக்கும் துண்டு மட்டும் எங்கள் தலையில். ஒழுங்காக ஓடும்வரை நாங்கள் இருப்பதே யாருக்கும் தெரியாது.

போன மாதம் ஓர் ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசர் அண்ணன் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா, ராத்திரி கூலிங் டவர் ஃபேன் ட்ரிப் ஆகி நின்னுபோச்சு. நானே கிட்டப் போய் கேஜைப் பார்த்தேன், தண்ணி முக்கால் டிகிரி ஏறி இறங்குச்சு. உங்க டிரெண்டுல ஒண்ணையும் காணோமே? மேனேஜர் என்னைப் பொய் சொல்றவன் மாதிரி பார்க்கிறார்."

"ராத்திரியே கண்ட்ரோல் ரூம் திரையில பார்த்தீங்களாண்ணே?"

"பார்த்தேன். அப்போ நம்பர் ஏறித்தான் இருந்துச்சு. காலையில பார்த்தா நேர்கோடு."

இந்த ஒரு வாக்கியத்திலேயே விஷயம் எனக்குப் பாதி புரிந்துவிட்டது. இரவில் தெரிந்தது, காலையில் காணாமல் போனது. கருவி ஒழுங்கு, கேபிள் ஒழுங்கு, கனெக்டரும் உயிரோடுதான் இருந்திருக்கிறது. எங்கேயோ ஒரு ஜல்லடை அந்த முக்கால் டிகிரியை வடிகட்டிவிட்டது.

அளவு போகும் பாதையைக் கொஞ்சம் சொல்கிறேன். தண்ணீர்க் குழாயில் சொருகியிருக்கும் டிரான்ஸ்மிட்டர் வெப்பநிலையை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் மின்னோட்டமாக மாற்றி அனுப்பும். சுழியில் தொடங்காமல் 4-ல் தொடங்குவது வேண்டுமென்றே செய்தது: கம்பி அறுந்தால் மின்னோட்டம் 0-க்குப் போய்விடும், உண்மையான குறைந்தபட்ச அளவோடு அதைக் குழப்பிக்கொள்ள முடியாது. நாமூர் என்ற ஐரோப்பிய அமைப்பின் என்ஈ 43 பரிந்துரைப்படி 3.6-க்குக் கீழே போனாலோ 21-ஐத் தொட்டாலோ கருவியில் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய அனலாக் ஆட்கள் புத்திசாலிகள். ஒரே கம்பியில் அளவையும் "நான் நலமா" என்ற செய்தியையும் சேர்த்தே அனுப்பினார்கள். அப்புறம் வந்த டிஜிட்டல் நெறிமுறைகள் எல்லாம் இவ்வளவு அக்கறை காட்டவில்லை.

ஆலையை இயக்கும் சிறு கணினியான பிஎல்சியின் உள்ளீட்டு அட்டை அந்த மின்னோட்டத்தை முழு எண்ணாக்கும். சீமென்ஸ் எஸ்7 என்றால் 4 முதல் 20 வரை உள்ள வீச்சு 0 முதல் 27648 வரையிலான எண்ணாக மாறும். பிஎல்சிக்குள் ஒரு வரி நிரல் அதை டிகிரியாகத் திருப்பும். அங்கிருந்து கனெக்டர் எடுத்துக்கொள்ளும். எப்படி எடுக்கிறது என்பதில்தான் தலைவலி ஆரம்பம்.

மோட்பஸ் என்ற தகவல் நெறிமுறை 1979-ல் மோடிகான் நிறுவனம் கொண்டுவந்தது. இன்றும் சிங்கப்பூரில் எந்தக் கட்டடத்தின் பேஸ்மென்ட்டுக்குப் போனாலும் எனர்ஜி மீட்டரோ குளிரூட்டலை அளக்கும் பிடியூ மீட்டரோ மோட்பஸ் பேசிக்கொண்டிருக்கும். அதில் நேரம் கிடையாது, அலகு கிடையாது, தரக் குறி கிடையாது. 16 பிட் எண் பெட்டிகளான ரெஜிஸ்டர்கள் வரிசையாக இருக்கும், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 125 கேட்கலாம், அவ்வளவுதான். தசம எண் வேண்டுமென்றால் இரண்டு ரெஜிஸ்டர்களை ஒட்டிக்கொள்ள வேண்டும். எது முன்னால், எது பின்னால் என்று நெறிமுறை சொல்லவில்லை, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தன் இஷ்டம். மாற்றி ஒட்டினால் 25.3 டிகிரி என்பது 10-ன் 23-ஆம் அடுக்கில் ஏதோ ஒரு பிரம்மாண்ட எண்ணாக வரும். அது நல்லது, பார்த்தவுடன் தெரிந்துவிடும். ஆனால் சரியாக 25.0 வந்தால்? இரண்டாவது ரெஜிஸ்டர் முழுக்கச் சுழி. மாற்றி ஒட்டினால் சுழிக்கு மிக நெருங்கிய நுணுக்கமான பின்னம் கிடைக்கும், திரையில் 0.00 என்று காட்டும். முழு எண்ணாகவே நிற்கும் ஒரு செட்பாயின்ட் (இருக்க வேண்டிய அளவு) டேகை இப்படிப் படித்தால் சுழியில் அழகான நேர்கோடு கிடைக்கும். "அந்த செட்பாயின்ட்டை யாரும் உபயோகிக்கலை போல" என்று எல்லோரும் கடந்து போவார்கள்.

ஓபிசி என்ற அடுத்த நெறிமுறை வந்தபிறகு நிலைமை மேம்பட்டது. 1996-ல் வந்த முதல் ஓபிசியிலேயே ஒவ்வொரு மதிப்பும் மூன்றாகத்தான் வரும்: மதிப்பு, தரம், நேரம். தரம் 192 என்றால் நல்லது, 64 என்றால் சந்தேகம், 0 என்றால் கெட்டது. ஆனால் அது கணினிகள் ஒன்றோடொன்று பேச மைக்ரோசாஃப்ட் வைத்த டிகாமைச் சார்ந்து கட்டப்பட்டது. டிகாமை ஃபயர்வால் தாண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. 2023 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் டிகாம் பாதுகாப்பை இறுக்கியதை அணைக்கவே முடியாதபடி செய்தபோது, பல வருடம் தொடாமல் ஓடிய பழைய இணைப்புகள் விண்டோஸ் அப்டேட் போட்ட கையோடு நின்றன. அதன் பிறகுதான் பல வாடிக்கையாளர்கள் அதன் புதிய வடிவமான ஓபிசி யூஏவுக்கு மாறவே சம்மதித்தார்கள். யூஏ ஒற்றை போர்ட்டில், வழக்கமாக 4840, சான்றிதழோடு பேசும். ஃபயர்வால்காரருக்கும் எனக்கும் சண்டை பாதியாகக் குறைந்தது.

யூஏவில் நேரம் இரண்டு உண்டு. மூலக் கருவி சொல்லும் நேரம் ஒன்று, யூஏ சர்வர் சொல்லும் நேரம் இன்னொன்று. கனெக்டர் இவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம், இரண்டையும் விட்டுவிட்டுத் தன் கடிகாரத்தையே குத்திக்கொள்ளவும் செய்யலாம். எந்தத் தேர்வு செய்யப்பட்டிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான இடங்களில் பதில் வராது. ஒரு ட்ரிப் நடந்தால் எது முதலில், எது அப்புறம் என்பதற்குத்தான் எல்லோரும் டிரெண்டைத் திறக்கிறார்கள். இரண்டு டேகுகள் வேறு வேறு கடிகாரத்தில் குத்தப்பட்டிருந்தால் காரணம் விளைவாகவும் விளைவு காரணமாகவும் தெரியும்.

சிங்கப்பூரில் நமக்கு நேர விஷயத்தில் ஓரளவு அதிர்ஷ்டம். கோடைக்கால நேர மாற்றம் இல்லை. கடைசியாகக் கடிகாரத்தை மாற்றியது 1982 புத்தாண்டின்போது, மலேசியாவோடு சேர்ந்து ஏழரை மணி நேர வித்தியாசத்தை எட்டு மணி நேரமாக்கினார்கள். ஹிஸ்டாரியன்கள் உள்ளுக்குள் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில்தான் வைத்துக்கொள்ளும், எட்டு மணி நேரத்தைக் கூட்டிக் காட்டும். ஆனால் ஐரோப்பாவிலிருந்து ஒரே சட்டத்தில் பொருத்திய ஸ்கிட்டோடு இறங்கும் அனலைசரில் அவர்கள் ஊர் நேர மண்டலத்தையே விட்டிருப்பார்கள். மார்ச் கடைசி ஞாயிறு வரை யாருக்கும் தெரியாது. அன்றைக்கு ஒரு மணி நேரம் குதிக்கும், அக்டோபரில் ஒரு மணி நேரம் இரட்டையாக விழும்.

கடிகாரம் முன்னால் ஓடினால் இன்னும் மோசம். பிஐ ஹிஸ்டாரியனில் சாதாரண டேகுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் எதிர்காலத்தில் இருக்கும் மதிப்பு வந்தால் நிராகரித்துவிடும். பிஎல்சி கடிகாரம் மெல்ல மெல்ல நகர்ந்து அந்தப் பத்து நிமிடத்தைத் தாண்டும் நாளில், நேற்றுவரை வந்துகொண்டிருந்த டேகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் நின்றுபோகும். கனெக்டர் பச்சை விளக்கு காட்டும், பிஎல்சி நலமாக இருக்கும், திரையில் கடைசி மதிப்பு நேர்கோடாக நீளும்.

பிஐ என்று சொல்லிவிட்டேன், அதைப் பற்றியும் இரண்டு வரி. 1980-ல் கலிபோர்னியாவில் பேட்ரிக் கென்னடி ஆயில் சிஸ்டம்ஸ் என்று தொடங்கிய நிறுவனம் பிறகு ஓஎஸ்ஐசாஃப்ட் ஆனது. 2021-ல் அவீவா வாங்கிக்கொண்டது. ஜூரோங் தீவில் "ஹிஸ்டாரியன்ல பாரு" என்று சொல்லாமல் "பிஐல பாரு" என்றே பலர் சொல்வார்கள். வேறு ஹிஸ்டாரியன்களிலும் நான் வேலை செய்கிறேன், அடிப்படை ஏறக்குறைய ஒன்றுதான்.

சரி, அண்ணனின் முக்கால் டிகிரிக்கு வருவோம்.

கனெக்டர் வாசலில் முதல் ஜல்லடை: எக்ஸ்செப்ஷன். போன தடவை அனுப்பிய மதிப்பிலிருந்து குறிப்பிட்ட அளவு மாறினால்தான் புதியதை அனுப்பும். ஹிஸ்டாரியன் வாசலில் இரண்டாவது: கம்ப்ரஷன். இதில் பரவலாக இருப்பது ஊசலாடும் கதவு என்ற முறை, ஃபாக்ஸ்போரோவின் பிரிஸ்டல் பெயரில் 1987-ல் காப்புரிமை பெற்றது. கடைசியாகச் சேமித்த புள்ளியிலிருந்து புதிதாக வந்த புள்ளிக்கு ஒரு கோடு போட்டுப் பார்க்கும். நடுவில் வந்தவை எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேலும் கீழும் அனுமதித்த அகலத்துக்குள் அடங்கினால், அவற்றை வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று விட்டுவிடும். அடங்காதபோது முந்தைய புள்ளியைச் சேமித்துவிட்டு அங்கிருந்து மறுபடி ஆரம்பிக்கும். நன்றாக யோசித்துச் செய்த வேலை. சரிவாக ஏறும் வெப்பநிலைக்கு இரண்டு முனைப் புள்ளிகள் போதும் என்று அதற்குத் தெரியும்.

இந்த அகலம் டிகிரியில் குறிக்கப்படுவதில்லை, பெரும்பாலும் ஸ்பானின், அதாவது டேகுக்குக் குறித்த முழு வீச்சின், சதவீதமாகக் குறிக்கப்படும். பிஐயில் யாரும் தொடாவிட்டால் எக்ஸ்செப்ஷன் 0.1 சதவீதம், கம்ப்ரஷன் 0.2 சதவீதம். ஸ்பான் 100 என்றால் 0.1 டிகிரி, 0.2 டிகிரி, பிரச்சினை இல்லை. அண்ணனின் கூலிங் வாட்டர் டேகைத் திறந்து பார்த்தேன். ஸ்பான் 500. யாரோ ஒருவர் உலை வெப்பநிலைக்கான டேக் வரிசையை எக்செலில் காப்பி செய்து, பெயரை மட்டும் மாற்றி ஏற்றியிருக்கிறார். எக்ஸ்செப்ஷன் அரை டிகிரி, கம்ப்ரஷன் ஒரு டிகிரி ஆகிவிட்டது. முக்கால் டிகிரி ஏற்றம் முதல் ஜல்லடையைத் தாண்டி கடைசி மதிப்பு மட்டும் நிற்கும் ஸ்னாப்ஷாட்டுக்கு வந்தது, அதனால் இரவுத் திரையில் தெரிந்தது. இரண்டாவதைத் தாண்டவில்லை, நிரந்தரச் சேமிப்பான ஆர்க்கைவில் ஏறவில்லை, காலையில் காணோம். அண்ணன் பொய் சொல்லவில்லை என்று மேனேஜருக்கு மின்னஞ்சல் போட்டேன், டேகின் ஸ்பானையும் காட்டி. அண்ணன் கேன்டீனில் தே தாரே வாங்கிக் கொடுத்தார்.

அன்று கூலிங் டவர் என்பதால் மரியாதைப் பிரச்சினையோடு முடிந்தது. இதே ஒரு டிகிரி அகலம் சில்லர் பிளான்ட்டில் இருந்தால் காசு. குளிர்ந்த நீர் போகும் வெப்பநிலைக்கும் திரும்பி வரும் வெப்பநிலைக்கும் வித்தியாசம் சாதாரணமாக ஐந்தரை டிகிரி அளவில்தான் இருக்கும். குளிரூட்டிய அளவு என்பது நீரோட்டத்தையும் அந்த வித்தியாசத்தையும் பெருக்கி வருவது. வித்தியாசத்தில் ஒரு டிகிரி தவறினால் கணக்கில் 18 சதவீதம் போச்சு. கட்டட, கட்டுமான ஆணையத்தின் கிரீன் மார்க் பசுமைக் கட்டடச் சான்றிதழுக்குச் சில்லர் பிளான்ட்டின் வெப்பச் சமன்பாட்டைக் காட்ட வேண்டும்: குளிர்ந்த நீரிலிருந்து எடுத்த வெப்பமும் கம்ப்ரசருக்குக் கொடுத்த மின்சாரமும் சேர்ந்து, கண்டென்சர் வெளியே தள்ளிய வெப்பத்தோடு 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும், எடுத்த அளவுகளில் குறைந்தது 80 சதவீதத்துக்காவது. அதற்காக விலையுயர்ந்த வெப்பநிலை உணரிகளை வாங்கி மாட்டிவிட்டு, ஹிஸ்டாரியனில் ஒரு டிகிரி ஜல்லடை வைத்திருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். உணரியைக் கழற்றி மறுபடி காலிபரேஷனுக்கு அனுப்புவார்கள். அது சரியாக இருக்கிறது என்று சான்றிதழோடு திரும்பி வரும்.

உண்மையிலேயே செத்த கோடும் உண்டு. இங்கே பஃபர் என்றால் எல்லாம் பத்திரம் என்று ஒரு நினைப்பு பரவியிருக்கிறது. கனெக்டர் இருக்கும் கணினிக்கும் ஹிஸ்டாரியனுக்கும் நடுவே நெட்வொர்க் அறுந்தால் பஃபர் மதிப்புகளை வட்டில் எழுதி வைத்துக்கொண்டு, இணைப்பு திரும்பியதும் அந்தந்த நேரத்தோடு அனுப்பிவிடும். ஆனால் பிஎல்சிக்கும் கனெக்டருக்கும் நடுவே அறுந்தால் பஃபர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, வராததை எப்படிச் சேமிப்பது? மூலத்திலேயே வரலாறு வைத்திருக்கும் சர்வராக இருந்து, கனெக்டருக்கும் அதைத் திரும்பக் கேட்கத் தெரிந்திருந்தால் மட்டுமே பிழைக்கலாம். 2018-ஆம் ஆண்டின் இணையப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு எரிசக்தி, நீர் போன்ற துறைகளில் ஆலை நெட்வொர்க்குக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவே அடுக்கடுக்காக ஃபயர்வால்கள். சில இடங்களில் ஒரு திசையில் மட்டுமே செல்லும் டேட்டா டயோடு. அதனால் என் கனெக்டரை எப்போதும் பிஎல்சி பக்கமாகவே வைப்பேன், வெட்டு நடக்கும் இடம் பஃபருக்கு அப்புறமாக இருக்கட்டும் என்று. ஐடி ஆட்கள் அவர்கள் பக்கத்து சர்வரில் வைக்கச் சொல்வார்கள், பேட்ச் போடுவது சுலபமாம். இந்த விவாதத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

எங்களிடம் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன் கேட்டான்: "அக்கா, அப்போ நேரா இருக்கிற டேக் உயிரோட இருக்கா செத்துப் போச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

கனெக்டர் தானே குறித்த இடைவெளியில் கேட்டு ஸ்கேன் செய்யும் டேக் என்றால் சுலபம். எக்ஸ்செப்ஷனுக்கு ஒரு நேர வரம்பும் உண்டு, பிஐயில் வழக்கமாக 600 விநாடி. மதிப்பு மாறாவிட்டாலும் அந்த நேரம் கடந்ததும் அடுத்து வருவதை அனுப்பிவிடும். ஆகவே ஸ்னாப்ஷாட்டின் நேரம் பத்து நிமிடத்துக்கு மேல் பழையதாக இருந்தால் அது நிதானம் இல்லை, மரணம். ஆர்க்கைவை வைத்து இதைச் சொல்ல முடியாது, கம்ப்ரஷனின் நேர வரம்பு 28,800 விநாடி, அதாவது எட்டு மணி நேரம். ஆறு மணி நேரம் ஒரு புள்ளிகூட ஆர்க்கைவில் ஏறாமல் இருப்பது முழு ஆரோக்கியத்திலும் நடக்கும்.

ஆனால் ஓபிசி சர்வர் மாறினால் மட்டும் தானாகச் சொல்லும் சந்தா முறை டேகுகளில் இந்தச் சோதனை செல்லாது. மாறாவிட்டால் சர்வர் வாயே திறக்காது, கனெக்டருக்கு ஒன்றும் வராது, நேர வரம்பு கடந்தாலும் அனுப்ப அதன் கையில் ஒன்றும் இல்லை. அதற்காக ஒவ்வொரு பிஎல்சியிலும் ஓர் இதயத்துடிப்பு டேக் வைக்கச் சொல்வேன், விநாடிக்கு ஒன்று கூடி 59-க்குப் பிறகு மறுபடி 0-க்கு வரும் வெறும் எண். அது நின்றால் அந்த பிஎல்சியின் எல்லா நேர்கோடுகளும் சந்தேகத்துக்குரியவை. எம்க்யூடிடி என்ற இன்னொரு முறையில் இதை நெறிமுறையிலேயே வைத்திருக்கிறார்கள். 1999-ல் ஐபிஎம்மின் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் எண்ணெய்க் குழாய்களை சேட்டிலைட் வழியாகக் கண்காணிக்க உருவாக்கியது அது. இணைக்கும்போதே கருவி தன் உயிலை நடுவில் செய்தி பரிமாறும் புரோக்கரிடம் கொடுத்துவிடும், தொடர்பு அறுந்தால் புரோக்கர் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டும்.

தம்பி அடுத்துக் கேட்டது இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் கேட்பது: டிஸ்க் மலிவாகிவிட்டதே, ஜல்லடையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் சேமித்தால் என்ன? விநாடிக்கு ஒரு மதிப்பு என்றால் ஒரு டேகுக்கு நாளைக்கு 86,400. பத்தாயிரம் டேக் இருக்கும் ஆலையில் 864 மில்லியன். அதைக்கூட இன்றைய வட்டுகள் தாங்கும். ஆனால் 27648-ல் ஓர் எண் முன்னும் பின்னும் ஆடுவதுதான் அதில் பெரும்பகுதியாக இருக்கும். அதாவது அட்டையின் நடுக்கத்தை வருடக்கணக்கில் பத்திரப்படுத்துவோம், ஐந்து வருட டிரெண்டை யாராவது திறந்தால் திரை மூச்சுமுட்டி நிற்கும். கருவியின் துல்லியம் எவ்வளவோ அவ்வளவு கம்ப்ரஷன், அதில் பாதி எக்ஸ்செப்ஷன், இதுதான் நான் வைப்பது. சில்லர் பிளான்ட் வெப்பநிலைகளுக்கு மட்டும் கம்ப்ரஷனை அணைத்து நிமிடத்துக்கு ஒரு மதிப்பு. இதைச் சதவீதத்தில் எழுதாமல் டிகிரியிலேயே எழுதி, டேக் பட்டியலில் தனிப் பத்தியாக வைத்து, ஆலைக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் எக்செலை ஏற்றுவேன். கையெழுத்துப் போடும்போது பலர் முதல் தடவையாக அந்தப் பத்தியை வாசிக்கிறார்கள். "இது எதுக்கும்மா?" என்ற கேள்வி அப்போதே வந்துவிடுகிறது.